கைக்காப்பு இல்லாத வாள் குறைபட்ட வாளா?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் இங்கே கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பாட்டனார் 1930-களில் பர்மாவின் பெகு நகரில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, வேலை பார்த்து, கணக்கு முடிந்து ஊர் திரும்பியபோது நீண்ட வாள் ஒன்றைக் கொண்டு வந்தாராம். அது இப்போது இவரிடம் இருக்கிறது. பிடி ஆடுகிறது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே படங்களில் காண்பது போன்ற குறுக்குக் கட்டை எதுவும் இல்லை. பிடியின் முடிவில் கனத்த குமிழும் இல்லை. பழம்பொருள் வியாபாரி ஒருவர் அவை இரண்டும் உடைந்து போனவை என்றும், புதிதாகச் செய்து பற்றவைத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே, ஒரு வாளுக்கு என்னென்ன உறுப்புகள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எதற்காக என்று இவர் கேட்கிறார். கேள்வி உறுப்புகளைப் பற்றியது போலத் தோன்றினாலும், இவர் உண்மையில் அறிய விரும்புவது தம் பாட்டனாரின் வாள் முழுமையானதா, குறைபட்டதா என்பதையே என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் இணைத்திருக்கும் மூன்று படங்களையும் பார்த்தேன். அது பர்மாவின் தா வாள். அதில் எதுவும் உடைந்து போகவில்லை. தயவுசெய்து அந்த வியாபாரியிடம் பற்றவைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் யாங்கோன் தாமுவே பகுதியில் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவன். என் தந்தையார் இன்செயின் ரயில்வே பணிமனையில் இரும்பு அடித்தவர். பணி ஓய்வுக்குப் பின் அவர் வீட்டோடு போட்ட சிறு பட்டறையில் துருத்தி ஊதத் தொடங்கிய நான், இன்று 41-ஆவது ஆண்டாக அதே உலைக்கு முன்னால் நிற்கிறேன். எங்கள் அன்றாடப் பிழைப்பு விறகுக் கத்தியும் தோட்டக் கத்தியும் மண்வெட்டியும்தான். ஆனாலும் பழைய வாள்கள் பழுது பார்க்க வந்துகொண்டே இருக்கும். பிடியைப் பிரித்து உள்ளே பார்க்கும் வாய்ப்பு எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் வாள் செப்பனிடத் தெரிந்தவனே தவிர வாள் வீசக் கற்றவன் அல்லன். எஃகைப் பற்றியும் பிடியின் உள்ளமைப்பைப் பற்றியும் நான் சொல்வது என் கைகள் கண்டது. வீச்சைப் பற்றிச் சொல்வது, இங்கே பான்ஷே என்னும் வாட்கலையைப் பயிற்றுவிக்கும் ஆசான்கள் தங்கள் வாள்களைக் கொண்டு வந்து என் திண்ணையில் காத்திருந்த நேரங்களில் விளக்கியது.

எந்த நாட்டு வாளாக இருந்தாலும் அதில் அடிப்படையாக இருப்பவை இரண்டே: வெட்டுவதற்கு ஓர் அலகு, அதைப் பற்றுவதற்கு ஒரு பிடி. மற்ற உறுப்புகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதற்கும், பிடித்த கையைக் காப்பதற்கும், வாளைச் சுமந்து செல்வதற்கும் வந்து சேர்ந்தவை. அலகில் வெட்டும் பக்கத்தை வாய் என்றும், அதற்கு எதிர்ப்பக்கத்தை முதுகு என்றும், முடிவை நுனி என்றும் சொல்கிறோம். அரிவாளுக்குச் சொல்லும் அதே சொற்கள்தாம். இரு பக்கமும் வாய் உள்ள வாளுக்கு முதுகு கிடையாது. அதன் நடுவே ஓடும் தடித்த மேடே முதுகின் வேலையைச் செய்கிறது. வாய் கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். ஆனால் கடினமான எஃகு கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மை கொண்டது. முதுகு இளகிய பதத்தில் இருந்தால்தான் அடியைத் தாங்கி வளைந்து மீளும். ஒரே எஃகுத் துண்டில் ஒரு விளிம்பு கடினமாகவும் மறு விளிம்பு இளக்கமாகவும் இருக்க வேண்டும் என்பதே வாள் செய்பவனின் முதல் சோதனை.

இதை எப்படிச் செய்கிறோம் என்று சற்று அருகில் காட்டுகிறேன், ஏனென்றால் வெளியே தெரியாத இந்த உறுப்புதான் வாளின் உயிர். இன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கும் நல்ல எஃகு, பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டை. அடித்து வடிவம் வந்ததும் அலகை உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சி, காந்தத்தைக் காட்டிப் பார்ப்போம். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு காந்தத்தை ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே போனதும் எடுத்து எண்ணெயில் தோய்ப்போம். அப்போது அலகு முழுவதும் அரம் வழுக்கும் அளவுக்குக் கடினமாகிவிடும். அந்த நிலையிலேயே கல்தரையில் விழுந்தால் உடையும். பிறகு அதைச் சாணையில் வெளுப்பாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த இரும்புப் பாளத்தின் மேல் முதுகு படும்படி நிறுத்திவைப்போம். முதுகிலிருந்து வெப்பம் ஏற ஏற, எஃகின் மேல் நிறங்கள் நகர்ந்து வரும்: முதலில் வைக்கோல் நிறம், பின்னால் பழுப்பு, அதன் பின்னால் ஊதா, நீலம். நீலம் முதுகில் நிற்கும்போது, 230 பாகையைக் காட்டும் வைக்கோல் நிறம் வாயைத் தொடும். அந்த நொடியில் அலகைத் தூக்கிவிட வேண்டும். ஜப்பானியக் கொல்லர்கள் இதே பயனை வேறு வழியில் அடைந்தார்கள்: தோய்ப்பதற்கு முன் முதுகின் மேல் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயின் மேல் மெல்லியதாகவும் பூசிவிடுவார்கள், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாகவே நின்றுவிடும். வழி எதுவானாலும், இந்தப் பதம் ஒருமுறை கெட்டால் வெளித் தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் வாள் செத்துப்போகும். பற்றவைக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

அலகின் தடிப்பும் ஒரே சீராக இருப்பதில்லை. நல்ல தா வாளில் பிடியை ஒட்டி முதுகு ஆறு ஏழு மில்லிமீட்டர் இருந்தால், நுனிக்கு அருகே அதில் பாதிக்கும் குறைவாக இருக்கும். உங்கள் வாளை முதுகு மேலே தெரியும்படி கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்துப் பார்த்தால், அது பனையோலை ஈர்க்கைப் போல மெல்ல மெல்ல ஒடுங்கிச் செல்வது தெரியும். கடைசி வரை ஒரே தடிப்பாக இருந்தால், அது பெரும்பாலும் சுவரில் மாட்டுவதற்காகத் தகட்டிலிருந்து வெட்டிய பிற்காலப் பொருள். நீளவாக்கில் ஓடும் பள்ளத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது இரத்தம் வடிவதற்காக என்று எங்கும் சொல்லப்படுகிறது, அது தவறு. அலகின் வலுவைப் பெரிதாகக் குறைக்காமல் எடையைக் குறைப்பதே அதன் வேலை. தண்டவாளத்தின் குறுக்குவெட்டைப் பார்த்திருப்பீர்கள்: மேலும் கீழும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும். வளைக்கும் விசையை விளிம்புகளே அதிகம் தாங்குகின்றன. நடுவில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் சுமைதான். தா வாள்கள் பலவற்றில் பள்ளமே இருப்பதில்லை; சிலவற்றில் முதுகை ஒட்டி மெல்லிய கோடாக ஓடும். உங்களுடையதில் இருப்பது அந்த வகை.

இனிப் பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு வருகிறேன். அலகின் அடி ஒடுங்கிப் பிடிக்குள் நுழைவதை எங்கள் பட்டறையில் வால் என்போம். பார்ப்பவர் கண்ணில் படாத இந்த வால்தான் வாளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய வாள்களில் வால் நீளமாகப் போய், பிடியைத் துளைத்து, கடைசியில் இருக்கும் குமிழையும் துளைத்து வெளியே வரும். அந்த முனையைச் சுத்தியலால் தட்டிப் பரத்தினால் எல்லா உறுப்புகளும் ஒன்றாக இறுகிவிடும். ஜப்பானிய வாளில் மரப்பிடிக்கும் வாலுக்கும் குறுக்கே ஒரு சிறு மூங்கில் முளையை அடித்திருப்பார்கள். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வந்துவிடும், வாலில் பொறித்த கொல்லன் பெயரைப் படிக்கலாம். போர்க்காலத்தில் இங்கே தங்கிவிட்ட அப்படிப்பட்ட வாள் ஒன்றின் முளையை மாற்றித் தர நான் பெருங்கழி மூங்கிலைச் சீவியது நினைவிருக்கிறது. நம் வட நாட்டின் தல்வார் என்னும் வளைந்த வாளில் பிடி முழுவதும் இரும்பால் ஆனது, உள்ளே கூடு. அதில் அரக்குக் கலவையை நிரப்பி, வாலைக் காய்ச்சிச் செருகியிருப்பார்கள். தா வாளும் இந்த அரக்கு முறையைச் சேர்ந்ததே. அதன் வால் குட்டையாக இருக்கும். நீண்ட பிடியின் முன்பகுதிக்குள் மட்டுமே போயிருக்கும். பிடி ஆடுவதைக் கண்டு வால் உடைந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் பழைய அரக்கு காய்ந்து பொடியாகியிருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் இராது.

என் இருபத்து மூன்றாம் வயதில் நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். பிடி கழன்ற பழைய தா வாள் ஒன்றை ஒரு பெரியவர் கொண்டு வந்தார். வால் குட்டையாக இருந்ததைக் கண்டு, அது குறை என்று நினைத்தேன். தந்தையார் ஊரில் இல்லை. ஓர் இரும்புக் கம்பியை அந்த வாலோடு பற்றவைத்து நீளமாக்கி, பிடியின் கடைசி வரை கொண்டு போய் மரை போட்டு இறுக்கினேன். பார்க்க உறுதியாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் அதை மடித்த துணியில் சுற்றிக் கொண்டு வந்து வைத்தார். விசேஷத்துக்காக எடுத்து ஒரு வாழைத் தண்டை வெட்டியிருக்கிறார். பற்றவைத்த சூட்டில் பதம் இழந்த அடிப்பகுதி வளைந்து, பற்றுக்கு அருகில் முடி போன்ற விரிசலும் விட்டிருந்தது. அவர் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அந்த அலகைச் செய்தவன் வாலைத் தெரிந்தேதான் குட்டையாக விட்டான் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

கைக்காப்பு என்று நான் குறிப்பிடுவது, பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காகவோ வட்டத் தட்டாகவோ கூடையாகவோ நிற்கும் உறுப்பை. நீங்கள் இல்லை என்று கவலைப்படுவது இதைத்தான். இதற்கு உறுதியாகச் சொல்லக்கூடிய பயன்கள் இரண்டு. குத்தும்போது வேர்வையிலோ இரத்தத்திலோ வழுக்கும் கை, தன் அலகின் மேலேயே ஏறிவிடாமல் தடுப்பது ஒன்று. எதிராளியின் அலகு நம் அலகின் மேல் வழுக்கி வந்து விரல்களைச் சீவிவிடாமல் தடுப்பது மற்றொன்று. இவற்றில் எது முக்கியம் என்பதை ஒவ்வொரு நாட்டுப் போர்முறையும் தானே தீர்மானித்துக்கொண்டது. ஐரோப்பாவின் பழைய சிலுவை வடிவ வாளில் குறுக்குக் கட்டை நீளமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் அலகோடு அலகைப் பிணைத்து நெருக்குவார்கள். விரல்களை மறைக்கும் கூடைகளும் வளையங்களும் அங்கே பிறகு வந்தன. ஜப்பானிய வட்டத் தட்டு சிறியது. தல்வாரில் குறுக்குக் கட்டையும் குட்டை, சிலவற்றில் விரல்களுக்கு முன்னால் வில் போல ஒரு வளைவு உண்டு. கண்டா என்னும் நேர்வாளின் பிற்கால வடிவத்தில் கை முழுவதையும் மூடும் கூடை உண்டு. தக்காணத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போய், முழங்கை வரை கையுறை போல மூடும் பட்டா என்னும் வாளாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பு இருந்தால், அங்குள்ள கட்டாரிகளில் கையின் புறங்கையை மறைக்கும் இலை வடிவ மூடியைக் கவனியுங்கள். கையைக் காப்பதில் நம் தென்னாட்டுக் கைவினைஞர்கள் எவ்வளவு அக்கறை காட்டினார்கள் என்பது தெரியும்.

அப்படியானால் பர்மாவின் வாளில் மட்டும் அது ஏன் இல்லை? இங்கே வாள்கள் பொதுவாக அப்படித்தான் என்பதில் ஐயமில்லை. பர்மியர், ஷான், கச்சின், கரென் என்று யார் செய்த தா வாளை எடுத்தாலும் கைக்காப்பு இல்லாததே இயல்பு. தாய்லாந்தின் அண்டை வாள்களில் சிலவற்றில் சிறு தட்டு காணப்படும், அவ்வளவே. ஆகவே உங்கள் வாளில் அது உடைந்து போனது என்ற பேச்சுக்கே இடமில்லை. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் படத்தில் ஒரு வெள்ளிப் பூண் முழுவதாக, கீறலின்றி இருக்கிறது. அங்கே ஒரு கட்டை இருந்து உடைந்திருந்தால் பூண் கிழிந்திருக்கும்.

காரணத்தைச் சொல்லும்போதுதான் நான் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. பான்ஷே ஆசான்கள் சொல்வது இது: அந்தக் கலையில் அலகோடு அலகை முட்டி நிறுத்துவது குறைவு, விலகி நின்று, எதிர் வீச்சைச் சாய்வாகத் தள்ளிவிட்டு, உடனே இழுத்து வெட்டுவது அதிகம், பிடி நீளமாக இருப்பதால் கைகள் அலகிலிருந்து தள்ளியே நிற்கின்றன. இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. என் சொந்த அனுமானம் ஒன்றையும் சேர்க்கிறேன், அனுமானமாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். பர்மிய மொழியில் தா என்றால் காய் நறுக்கும் கத்தியிலிருந்து போர்வாள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மூங்கில் பிளப்பதற்கும் புதர் வெட்டுவதற்கும் நாள் முழுவதும் கையில் இருக்கும் கருவிதான் நீண்டு வாளாயிற்று என்றால், அதில் கைக்காப்பு இல்லாதது வியப்பன்று. இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. முனீஸ்வரர் கையில் நிற்கும் வீச்சரிவாளை நினைத்துப் பாருங்கள். அதற்கும் கைக்காப்பு இல்லை, குமிழும் இல்லை. உழவுக் கருவியிலிருந்து வளர்ந்தது அது. அதைக் குறைபட்ட ஆயுதம் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை.

குமிழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீண்ட அலகின் எடையைக் கைக்கு அருகே இழுத்து வைப்பதும், வீசும்போது பிடி கையை விட்டு நழுவாமல் தடுப்பதும் அதன் வேலை. ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை எடை உள்ள ஐரோப்பிய வாளுக்கு அது இன்றியமையாதது. தல்வாரின் பிடி முடிவில் இருக்கும் வட்டத் தட்டு வேறொன்றையும் செய்கிறது: மணிக்கட்டை அதிகம் மடங்க விடாமல் நிறுத்தி, கை தானாகவே இழுத்து வெட்டும்படி செய்கிறது. முதல்முறை ஒரு தல்வாரைப் பிடித்தவர்கள் அந்தத் தட்டு உறுத்துகிறது என்று குறை சொல்வார்கள். வளைந்த அலகுக்கு அந்த உறுத்தலே ஆசான். கண்டாவில் குமிழுக்கு மேல் ஒரு கம்பி நீண்டு நிற்கும். இரண்டாவது கையால் அதைப் பற்றி ஓங்கலாம். தா வாள் இந்த வேலைகளையெல்லாம் நீண்ட பிடியிடமே ஒப்படைத்துவிட்டது. என் தராசில் ஏற்றியவற்றில் பெரும்பாலானவை உறையில்லாமல் ஒரு கிலோவைத் தொடவில்லை. மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பிடியாக இருப்பதால், அதுவே எதிர்ச்சுமையாகிறது. ஒரு கையாலோ இரு கைகளாலோ, முன்னேயோ பின்னேயோ நகர்த்திப் பிடிக்கலாம். சிலவற்றில் பிடியின் முடிவு தாமரை மொட்டுப் போலக் குவிந்திருக்கும், சிலவற்றில் தட்டையான வெள்ளி மூடி. உங்களுடையது இரண்டாவது வகை.

நுனியிலும் இந்த நாட்டில் வேறுபாடு உண்டு. பர்மியரின் வாள் மெல்ல வளைந்து கூராக முடியும். கச்சின் மக்களின் வாளோ நுனியை நோக்கி அகன்று, சதுரமாக வெட்டிவிட்டது போல முடியும். குத்துவதற்கு உதவாது, ஓங்கி வெட்டுவதற்கென்றே பிறந்தது. கச்சின் மாநிலத்தின் மியிட்சினா நகரில், மனாவ் என்னும் அவர்களுடைய திருவிழா ஆட்டத்தில் ஆடவர் கையில் ஏந்திச் செல்வது இதுதான். அவர்களுடைய உறை இன்னும் அழகானது: முழு மூடி இல்லாமல், ஒற்றைப் பலகையில் குடைந்த பள்ளத்தில் அலகு கிடக்கும், மேலே கம்பியோ பிரம்போ குறுக்கே ஓடி அதைப் பிடித்துக்கொள்ளும். அலகின் ஒரு பக்கம் எப்போதும் வெளியே தெரியும். மழைக்காட்டில் ஈரம் தங்காமல் காய்வதற்கு இது உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உறையை வாளின் உறுப்பாகப் பலர் எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன். பர்மிய உறை இரண்டு மரப் பிளவுகளைக் குடைந்து பொருத்தி, இடையிடையே பிரம்பு வளையங்களோ வெள்ளிப் பட்டைகளோ போட்டு இறுக்கியது. அலகின் வாய் மரத்தில் உராயாமல் முதுகு மட்டுமே தாங்கும்படி உள்ளே குடைந்திருப்பார்கள். நல்ல உறையா என்று பார்க்க, உருவும்போது வரும் ஓசையைக் கேட்டாலே போதும். அதில் சுற்றியிருக்கும் சிவப்புப் பருத்திக் கயிறு அழகுக்காக வைத்தது அன்று. அதைத் தளர்த்தித் தோளில் மாட்டினால் வாள் முதுகோடோ அக்குளுக்குக் கீழேயோ தொங்கும். தோளில் தொங்கவிடும் வாள் என்றே பர்மிய மொழியில் அதற்குப் பெயரும் உண்டு. கைக்காப்பு இல்லாததன் இன்னொரு பயன் இங்கே தெரிகிறது: பிடியும் உறையும் ஒரே கழி போல நீண்டு, கொடி செடிகளில் சிக்காமல் போகலாம். பயிற்சிகளில் இடக்கையால் உறையைப் பிடித்து அதையே தடுப்பாகப் பயன்படுத்துவதையும் கண்டிருக்கிறேன். படத்தில் உங்கள் உறையில் கயிறு இல்லை. உங்கள் வாளில் உண்மையிலேயே காணாமல் போனது அது ஒன்றுதான்.

வாளின் மதிப்பையும் காலத்தையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். படத்தை வைத்து நான் சொல்லக்கூடியது குறைவு. பிடியின் மேல் வெள்ளித் தகடு இருக்கிறது, அதில் கொடி வேலை இருக்கிறது, அலகு நுனியை நோக்கி ஒடுங்குகிறது. இவை நன்றாகச் செய்த வாள் என்பதைக் காட்டுகின்றன. பர்மாவின் அரசர்களுக்கு வெண்குடை, மகுடம், சாமரம், பாதுகை ஆகியவற்றோடு வாளும் ஐந்து அரச சின்னங்களில் ஒன்றாக இருந்ததால், உயர்ந்த பதவியில் இருந்தவர்களும் வெள்ளி பொதிந்த வாளை மதிப்பின் அடையாளமாக வைத்திருந்தார்கள். 1885-இல் மண்டலை வீழ்ந்து வெள்ளைக்காரர் ஆட்சி முழுமையான பிறகு, நினைவுப் பொருளாக வாங்கிச் செல்பவர்களுக்கென்றே வெள்ளியும் தந்தமும் வைத்து நிறையச் செய்தார்கள். உங்கள் பாட்டனார் காலத்தில் பெகுவில் இரண்டு வகையும் கிடைத்திருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, வெள்ளி உதவாது. அலகைத்தான் பார்க்க வேண்டும். பதம் உள்ள அலகை நகத்தால் சுண்டினால் மணி போல நீண்டு ஒலிக்கும் என்பார்கள். பிடி தளர்ந்திருக்கும்போது அந்தச் சோதனை பயன்படாது, ஆகவே இப்போது செய்து பார்த்து மனம் நோக வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய நகைகளுக்கு அரக்கு நிரப்பித் தரும் பொற்கொல்லர் யாராவது உங்கள் பக்கத்தில் இருப்பார். காரைக்குடியில் கட்டாயம் இருப்பார். அவரிடம் கொடுப்பது கொல்லனிடம் கொடுப்பதை விட நல்லது. அரக்கு ஏறத்தாழ 75 பாகையிலேயே இளகத் தொடங்கிவிடும். எஃகின் பதம் கெடுவதற்கு அதைப்போல மூன்று மடங்கு சூடு வேண்டும். இந்த இடைவெளிதான் நமக்குப் பாதுகாப்பு. பிடியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினால், மீதமிருக்கும் பழைய அரக்கு இளகி அலகு தானாகவே கழன்று வரும். இழுக்கவோ தட்டவோ கூடாது. நேரடியாகத் தீயில் காட்டவே கூடாது, ஏனென்றால் வெள்ளித் தகடு மெல்லியது, உள்ளே மரம் இருக்கிறது. கூட்டைச் சுரண்டித் தூய்மை செய்து, அரக்கோடு சலித்த செங்கல் பொடியைச் சேர்த்து நிரப்பி, வாலை மட்டும் கை தாங்கும் சூட்டுக்கு மேல் சற்றே காய்ச்சிச் செருகி, அலகும் பிடியும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று முதுகுப் பக்கமாகப் பார்த்துத் திருத்தி, அசையாமல் ஓரிரவு வைத்துவிட வேண்டும். செங்கல் பொடி இல்லாத வெறும் அரக்கு உடைந்துவிடும். இங்கே வெற்றிலைப் பெட்டிகளுக்குப் பூசும் மரப் பாலையும் நம்மவர்கள் அரக்கு என்றே சொல்வதால் ஒரு குழப்பம் வரலாம். அது மரத்திலிருந்து வடிவது, சூட்டில் இளகாது, இந்த வேலைக்கு ஆகாது. நமக்கு வேண்டியது பூச்சியிலிருந்து கிடைக்கும் கொம்பரக்கு.

அலகில் துரு புள்ளி புள்ளியாக இருப்பது தெரிகிறது. உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்துவிடாதீர்கள். பழைய கொல்லனின் அரத் தடங்களும், பொறிப்பு ஏதேனும் இருந்தால் அதுவும் போய்விடும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை மென்துணியில் தொட்டுத் தடவி, ஒரு நாள் ஊறவிட்டு, செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் செந்துரு உதிரும். கருந்துரு அப்படியே இருக்கட்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், அவை நாளடைவில் கெட்டுவிடும். வெள்ளியைத் திருநீற்றால் துடைக்கலாம், புளி கூடாது. அதன் புளிப்பு பூணின் இடுக்கு வழியாக எஃகைத் தொட்டுவிடும். பிடியைப் பிரிக்கும் அன்று வாலின் இரு பக்கங்களையும் படமெடுத்து இங்கே போடுங்கள். அதன் நீளத்தையும், தோள் என்று நாங்கள் சொல்லும் அந்த முதல் ஒடுக்கத்தையும் பார்த்தால், அலகைச் செய்தவன் தொழில் தெரிந்தவனா என்பதை என்னால் சொல்ல முடியும். கயிறு மட்டும் அங்கே கிடைப்பது அரிது. ஷான் பக்கத்தில் இன்னும் கையால் முறுக்கும் சிவப்புக் கயிறு எங்கள் சந்தையில் கிடைக்கிறது. உறையின் சுற்றளவை அளந்து எழுதினால், ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.